வால்வைக் கழட்டினா லைட் எரியுது!

பாஸ், ஹாஸ்டல் ரூமை இருட்டாக்கி, மேஜையில ஆரஞ்சு கலர்ல தகதகக்குற வால்வ் ஆம்ப்ளிஃபயர்ல இளையராஜா கேட்கணும்னு என்னிக்காவது ஆசைப்பட்டிருக்கீங்களா? நான் பட்டேன். ரெண்டு பிளஸ் டூ பசங்களுக்கு ட்யூஷன் எடுத்துச் சேர்த்த 4,200 ரூபாய் காலி!

டியூப் ஆம்ப்னு போட்டிருந்தது. குட்டியா ரெண்டு கண்ணாடி வால்வு, கூடவே லேப்டாப்புக்கு வர்ற மாதிரி ஒரு அடாப்டர். ரூம்மேட்ஸ் வாயைப் பிளந்தாங்க. லீவுக்கு ஊருக்கு (கோவில்பட்டி பக்கம்) எடுத்துட்டுப் போய், மைக்செட் ரிப்பேர் பார்க்குற அண்ணாச்சிகிட்ட பெருமையா நீட்டினேன். அவர் கையில தூக்கிப் பார்த்தார். "என்னலே, கனமே இல்ல?" ஒரு வால்வை மெதுவா உருவினார். ஒரு பக்கம் சத்தம் நின்னுச்சு. வெளிச்சம் நிக்கலை. சாக்கெட்டுக்கு அடியில ஆரஞ்சு எல்.இ.டி!

வால்வு சும்மா இல்லைதான், முன்னாடி சிக்னலைக் கொஞ்சம் தொட்டு அனுப்புது. ஸ்பீக்கரை ஓட்டுறது என்னவோ உள்ளே இருக்குற ஒரு சிப். இதுக்கு ஹைபிரிட்னு பேர். ஹைபிரிட்னு சொல்லி வித்தா தப்பே இல்லை. வெளிச்சத்துக்கு மேக்கப் போட்டதுதான் எனக்குக் கடுப்பு.

நிஜ வால்வ் ஆம்ப் ஏன் காஸ்ட்லி? பவர் வால்வுக்கு சுமார் 5,000 ஓம் லோடு வேணும். நம்ம ஸ்பீக்கரோ 8 ஓம். நடுவுல புரோக்கர் வேலை பார்க்குறது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். மெஷின்ஸ் பேப்பர்ல தூங்கினவங்களும் போட்டுப் பாருங்க... 5,000-ஐ 8-ஆல வகுத்து ஸ்கொயர் ரூட், 25. பிரைமரியில 25 சுத்துக்கு செகண்டரியில ஒண்ணு. இரும்பும் செம்பும்தான் அந்த கனம், அந்த விலை. அதனால, வாங்குறதுக்கு முன்னாடி எடையைக் கேளுங்க. (ஹெட்ஃபோனுக்குன்னே வர்ற சில மாடல் மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலும் ஓடும்.)

அமெரிக்காவுல டெக்வேர்னு ஒரு சின்ன கம்பெனி, சேனலுக்கு ரெண்டு வாட்ஸ் சொச்சம் தர்ற ஆம்ப் செய்றாங்க. விலை ஆயிரம் டாலருக்கு மேல. நம்ம மெஸ் பில்லுக்கு அது ஆகாது.

அண்ணாச்சி வேற வழி சொன்னார். "தம்பி, காயிலை நானே கட்டித் தாரேன்." ஒரு ஈ.சி.சி 83, ஒரு ஈ.எல் 84. நாலஞ்சு வாட்ஸ் வரும். ஹாஸ்டல் ரூமுக்கு அதுவே திருவிழா. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்துல தயாரிச்ச பழைய வால்வு அவர் டப்பாவுலயே இருந்தது. கிடைக்காதவங்களுக்கு ஸ்லோவாக்கியாவின் ஜேஜே இருக்கு. ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு என்கிட்ட 1,500 வாங்கினார்.

இங்கதான் கொஞ்சம் சீரியஸ். அந்த வால்வுக்கு 250 வோல்ட் டி.சி வேணும். சுவிட்சை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர் சார்ஜை வச்சிருக்கும். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். வடிஞ்சதா இல்லையான்னு மீட்டர் வச்சுப் பார்த்துட்டுதான் கையை விடணும். அண்ணாச்சி என் இடது கையை பேன்ட் பாக்கெட்டுலயே வைக்கச் சொல்லிட்டார். ரெண்டு கையும் உள்ளே போனா கரன்ட் நெஞ்சு வழியா போகும்! தாத்தா ரேடியோவைப் பிரிக்கிறவங்க இன்னும் உஷாரா இருங்க. யூ.எல் 84 மாதிரி 'யூ'வுல ஆரம்பிக்குற வால்வு இருந்தா, அதோட சேஸிஸே நேரா மெயின்ஸ்ல இருக்கலாம்.

சவுண்ட் எப்படி? அளந்து பார்த்தா சிப்பை விட டிஸ்டார்ஷன் அதிகம். ஆனா அதுல பெரும்பங்கு செகண்ட் ஹார்மானிக், அதாவது அதே ஸ்வரத்தோட மேல் ஸ்தாயி. காதுக்கு உறுத்தலை. எனக்குப் பிடிச்சிருக்கு.

இப்போதைக்கு ஒரு சேனல்தான் ரெடி. ரெண்டாவது டிரான்ஸ்ஃபார்மருக்கு அண்ணாச்சி தகடு தேடிட்டு இருக்கார். அதுவரைக்கும் ராஜா மோனோலதான்!