சராசரி என்னும் திரை

பிள்ளைகளற்ற குடும்பங்களின் சராசரி வருமானத்தை அளந்து, நாடுகளை வரிசைப்படுத்துகின்றனர் புள்ளிவிபரப் பண்டிதர்கள். அவ்வரிசை எதை மறைக்கிறது?

2019 இல் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா என்றது தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம். ஆனால் குடும்பங்களிற் சரிபாதி 53,333 ரூபாவைத் தாண்டவில்லை! உச்சியிலிருந்த ஐந்திலொரு பங்கினரோ மொத்த வருமானத்திற் பாதிக்கு மேல் அள்ளிக்கொண்டனர்.

பிள்ளையில்லையெனிற் சுமையில்லை என்பது மற்றொரு மயக்கம். மேலைநாடுகள் பலவற்றில் முதியோரை அரசின் ஓய்வூதியம் தாங்குகிறது. தம்பலகாமத்து வயலில் உழைக்கும் பிள்ளையற்ற தம்பதியர், முதிய பெற்றோரையும் உடன்பிறந்தார் மக்களையும் தாங்கும்போது, அச்சுமையை எந்த அட்டவணை காட்டும்?

ஆசிரியர்களே, மாணவர்களே! நாட்டோடு நாட்டை ஒப்பிடுமுன், நாட்டுக்குள் வர்க்கத்தோடு வர்க்கத்தை ஒப்பிடுவோம். உண்மை அங்கேதான் உறைகிறது.