சீனி குறையட்டும், இனிமை குறைய வேண்டா



பெருநாள் என்றால் சேமியா, நோன்பு திறக்கக் கடற்பாசி, புது மாப்பிள்ளை வந்தால் வட்டலப்பம், நிக்காஹ் பேசி முடித்தால் வாய் நிறையச் சீனி என்று நம் இல்லங்களில் ஒவ்வொரு மகிழ்ச்சிக்கும் ஓர் இனிப்பு உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி நூலில் உள்ளது. ஆகவே இனிப்பு வெறுத்து ஒதுக்கத்தக்க பொருள் அன்று. எனினும் உண்ணவும் பருகவும் நமக்கு அனுமதி தந்த அதே இறைவசனம் (7:31), வரம்பு கடப்பதையும் தடுத்திருக்கிறது. இந்த இரண்டாம் பாதியை நம் அடுப்பங்கரைகள் எந்த அளவிற்கு நினைவில் வைத்திருக்கின்றன என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வு நிறுவனம் நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023 ஜூன் மாதத்தில் வெளிவந்தன. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என்றும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அந்நோயின் வாசலில் நிற்பவர்கள் என்றும் அது கணக்கிட்டது. எண்ணிக்கை பெரிது என்று மலைக்க வேண்டா. உங்கள் வீட்டில் உணவிற்கு முன் மாத்திரை விழுங்குபவர் யார், இன்சுலின் ஊசியைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அநேகமாக ஒருவரேனும் நினைவிற்கு வருவார்.

அந்த ஒருவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? எல்லாருக்கும் பாயசம் பரிமாறுகிறோம். வாப்பாவிற்கு மட்டும் கிண்ணத்தை நகர்த்தி வைக்கிறோம். "உங்களுக்கு ஆகாது" என்று விருந்தினர் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பதைப் பரக்கத்தாகக் கருதும் சமுதாயம் நாம். அந்தச் சஹனிலிருந்து ஒருவரை விலக்கி வைத்தால் அவர் மனம் என்ன பாடுபடும்! பெரியவர்கள் பலர் நடு இரவில் அலமாரியைத் திறந்து ஒளிந்து இனிப்பு உண்பது நாக்கின் ஆசையால் மட்டும் நிகழ்வதன்று. தனித்து விடப்பட்ட வருத்தமும் அதில் கலந்திருக்கிறது.

ஆகவே இம்மாதம் நான் சொல்ல விழைவது இது: நோயாளிக்கென்று தனிச் சட்டி வேண்டா. வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே சட்டி. அந்தச் சட்டியில் இனிப்பைக் குறைப்போம். நோய் வந்தவருக்கு அது பாதுகாப்பு. நோயின் வாசலில் நிற்பவருக்கும், நாளை வளர்ந்து நிற்கப்போகும் பிள்ளைகளுக்கும் அது முன்னெச்சரிக்கை.

நிறம் மாறினால் போதுமா?

"நாங்கள் சீனியை நிறுத்திவிட்டோம், இப்போது நாட்டுச் சர்க்கரைதான்" என்று பெருமையாகக் கூறும் சகோதரிகள் பலர். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஆகியவற்றில் சிறிதளவு தாதுச் சத்துகள் உள்ளன. மணமும் சுவையும் மிகுதி. ஆனால் அவற்றின் பெரும்பகுதி வெள்ளைச் சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இவை பின்தங்குவதில்லை. சீனி கலந்து காய்ச்சிய கருப்பட்டியும் கடைகளில் விற்கப்படுகிறது. மாற்றுப் பொருள் என்ற துணிவில் இரண்டு கரண்டி கூடுதலாக இட்டால், குறைத்ததாக எண்ணிக் கூட்டியவர்கள் ஆவோம்.

தேனும் அத்தகையதே. அதில் நிவாரணம் உண்டென்று திருமறை (16:69) கூறுவதை நாம் நம்புகிறோம். ஆயினும் மருந்தை அளவோடுதானே உட்கொள்கிறோம்? ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை அறவே கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பச்சிளங் குழந்தைகளுக்கு உயிர்க்கேடான நோயை உண்டாக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து உண்டு. அதனால் அதன் இனிப்பு சீனியைவிடச் சற்று மெதுவாக இரத்தத்தில் கலக்கும். அதற்காக அதுவும் கணக்கிற்கு வெளியே நிற்பதில்லை. உலர்ந்த பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பேரீச்சை, இளநீர் இரண்டையும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி.

கடைகளில் விற்கும் செயற்கை இனிப்பூட்டிகளைப் பற்றியும் கேட்பீர்கள். அஸ்பார்டேம் கொதிக்க வைத்தால் இனிப்பை இழக்கும். இறக்கி ஆறிய பின்னரே சேர்க்க வேண்டும். சுக்ரலோஸ் சூட்டைத் தாங்கும். சீனித் துளசி என்னும் ஸ்டீவியாவின் சாறு சீனியைவிட 200 மடங்கிற்கு மேல் இனிப்புடையது; கைதவறினால் கசக்கும். உடல் எடையைக் குறைக்கும் நோக்கத்துடன் இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் அறிவுரை வழங்கியது. நீரிழிவு உடையவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அது குறிப்பிட்டது. அவர்கள் தங்கள் மருத்துவரின் சொற்படி நடப்பதே முறை.

அப்படியானால் அளவு என்ன? அதே நிறுவனம் 2015இல் வகுத்த நெறியின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவர் சேர்க்கப்படும் சர்க்கரையை 50 கிராமிற்குள் நிறுத்த வேண்டும். 25 கிராமிற்குள் நிறுத்தினால் இன்னும் நன்று. 25 கிராம் என்பது ஏறத்தாழ 6 தேக்கரண்டி. தேநீர், சர்பத், பிஸ்கட் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தேனும் வெல்லமும் இக்கணக்கில் சேரும்.

அல்வாவிலும் கேக்கிலும் சீனிதான் பதத்தையும் உருவத்தையும் தருகிறது. அதை எடுத்துவிட்டால் பண்டமே கெடும். ஆகவே சீனியின் துணையின்றித் தாமாக உறையும், கெட்டிப்படும் பண்டங்களைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. அத்தகைய மூன்று இதோ.

இளநீர்க் கடற்பாசி

கடற்பாசி கடல் தாவரத்திலிருந்து கிடைப்பது. ஆகையால் ஜெலட்டினில் எழும் ஹலால் ஐயம் இதில் இல்லை. 10 கிராம் கடற்பாசியைக் கத்தரித்துக் குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊற வையுங்கள். பிழிந்தெடுத்து, அரை லிட்டர் நீரில் இட்டு, இழை ஒன்றும் தெரியாமல் கரையும் வரை சிறு தீயில் காய்ச்சி வடிகட்டுங்கள். சூடாக இருக்கும்போதே 400 மில்லி இளநீரை ஊற்றிக் கலக்குங்கள். இளநீர் குளிர்பெட்டியில் இருந்ததாக இருத்தல் கூடாது. குளிர்ச்சி பட்டால் பாசி திப்பி திப்பியாகத் திரண்டுவிடும். இளநீர் வழுக்கையையும் கொட்டை நீக்கி நறுக்கிய 6 பேரீச்சம்பழங்களையும் தூவித் தட்டில் ஊற்றுங்கள். வெளியில் வைத்தாலே உறைந்துவிடும். சீனி ஒரு துளியும் தேவையில்லை. பழத் துண்டு பல்லில் படும் இடத்தில் இனிப்பு தானாகத் தெரியும்.

பேரீச்சைச் சேமியா

கொட்டை நீக்கிய 10 பேரீச்சம்பழங்களை வெந்நீரில் அரைமணி நேரம் ஊற வைத்து விழுதாக அரைத்துக் கொள்ளுங்கள். 50 கிராம் சேமியாவை ஒரு தேக்கரண்டி நெய்யில் சிவக்க வறுத்து, ஒரு தம்ளர் நீரில் வேக வையுங்கள். அரை லிட்டர் பால் ஊற்றிக் கொதித்ததும் இறக்கிவிடுங்கள். சூடு சற்றுத் தணிந்த பின் விழுதைச் சேர்த்துக் கலக்குங்கள். கொதிக்கும் பாலில் இட்டால் பால் திரிந்து போகக்கூடும். ஏலப்பொடியும் வறுத்த முந்திரி சிலவும் போதும். இது ஐவருக்கு, ஆளுக்கு இரண்டு பழம் என்று கணக்கு. சேமியாவைக் கூட்ட வேண்டா. மாவுப் பண்டமும் வயிற்றில் சென்றபின் சர்க்கரையாகவே மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

கருப்பட்டி வட்டலப்பம்

150 கிராம் கருப்பட்டியை 100 மில்லி நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆற விடுங்கள். சூட்டோடு ஊற்றினால் முட்டை வெந்து திரண்டுவிடும். 6 முட்டைகளை நுரை பொங்காமல் அடித்து, 300 மில்லி கெட்டித் தேங்காய்ப் பால், கருப்பட்டிப் பாகு, ஏலம், சிறிது சாதிக்காய்ப் பொடி சேர்த்து மீண்டும் வடிகட்டுங்கள். நெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, ஆவி நீர் சொட்டாதபடி மூடி, சிறு தீயில் 40 நிமிடம் அவியுங்கள். ஈர்க்குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. பத்துத் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டில் 15 கிராம் கருப்பட்டி இருக்கும். மேலே கூறிய 25 கிராமில் பாதிக்கு மேல் இந்த ஒரு துண்டிலேயே முடிந்துவிடுகிறது! ஆகவே இது பெருநாள் பண்டம். அன்றாடப் பண்டம் அன்று.

சீனியை ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் போர் மூளும். முதல் மாதம் கால் பங்கு குறையுங்கள். நாக்கு பழகிய பின் மீண்டும் கால் பங்கு. தேநீருக்கும் இதே வழி.

மறக்கக் கூடாத ஓர் எச்சரிக்கை

சீனியைக் குறைக்கிறோம் என்று வீட்டில் சீனியே இல்லாமல் செய்துவிடாதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவருக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். அவ்வேளையில் செயற்கை இனிப்பூட்டி சிறிதும் பயன்படாது. உண்மையான சீனியோ குளுக்கோஸோ மூன்று தேக்கரண்டி நீரில் கரைத்து உடனே பருகக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். நோன்பு நேரத்தில் சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் வழிகாட்டல். நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்தவன் அல்லாஹ்வே (2:185). அந்தச் சலுகையை ஏற்பதில் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் சீர் செய்துகொள்வது அவசியம்.

இறுதியாக, விருந்து வைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். "இன்னும் ஒரு கரண்டி" என்று கையைப் பிடித்து ஊற்றுவதை நாம் அன்பின் அளவுகோலாக்கி வைத்திருக்கிறோம். மறுத்தவரைக் குறை கூறவும் செய்கிறோம். அதனால் நோயை வெளியில் சொல்ல நாணி, மரியாதைக்காக உண்டு, வீடு திரும்பி அவதியுறுவோர் உண்டு. கிண்ணத்தைச் சிறிதாக்குங்கள். வேண்டுமா என்று ஒருமுறை கேளுங்கள். போதும் என்றால் விட்டுவிடுங்கள். விருந்தினரின் உடல்நலமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

வரும் வெள்ளிக்கிழமை இந்த மூன்றில் ஒன்றைச் செய்து பாருங்கள். முதல் கிண்ணத்தை, வழக்கமாக நகர்த்தி வைக்கப்படும் அந்தப் பெரியவரிடம் கொடுங்கள். அவர் அளவு அறிந்து, அனைவரோடும் அமர்ந்து, வெளிப்படையாக உண்ணட்டும். நம் இல்லத்தார் அனைவருக்கும் நீடித்த ஆரோக்கியத்தை வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.