குருத்துக்கலமும் வாக்குப்பெட்டியும்

"ஸ்டெம் செல் ஏற்றினால் பிள்ளையின் சீனி வருத்தம் அடியோடு போய்விடுமாமே, டொக்டர்?" எங்கள் சங்கக் குடும்பங்கள் பல என்னிடம் இப்படிக் கேட்டிருக்கின்றன. கையில் ஒரு விளம்பரத் தாளும் இருக்கும். இந்தப் பேராசையை வளர்த்ததில் ஓர் அமெரிக்கத் தேர்தலுக்கும் பங்குண்டு என்பது என் கருத்து.

1998 இல் ஜேம்ஸ் தொம்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி மனிதக் கருவிலிருந்து முதன்முதலில் ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார். உடம்பின் எந்தக் கலமாகவும் மாறக்கூடியவை இவை. ஆனால் எடுக்கும்போது சில நாள் வயதான அந்தக் கரு அழிகிறது. சண்டை அங்கேதான். 2001 ஆகஸ்ட் 9 க்கு முன் உருவான கல வரிசைகளுக்கு மட்டுமே மத்திய அரசின் பணம் என்றார் ஜனாதிபதி புஷ். தனியார் பணத்துக்கு அவர் தடை போடவில்லை.

2004 ஒக்டோபர் 10 இல், கழுத்து முறிந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்தோபர் ரீவ் காலமானார். மறுநாள், ஜோன் கெரி ஜனாதிபதியானால் ரீவைப் போன்றவர்கள் எழுந்து நடப்பார்கள் என்று துணை ஜனாதிபதி வேட்பாளர் ஜோன் எட்வேர்ட்ஸ் மேடையில் பேசினார். கரு ஓர் உயிர் என்ற எதிர்த்தரப்பின் வாதத்தை நான் ஏற்கவில்லை; ஆனாலும் அது நேர்மையான வாதம். எட்வேர்ட்ஸ் பேச்சு அப்படியல்ல. நோயாளியின் கனவை வாக்காக மாற்றும் வேலை அது.

நவம்பர் 2 இல் புஷ் மீண்டும் வென்றார். அதே நாளில் கலிபோர்னியா மக்கள் இந்த ஆராய்ச்சிக்கு 300 கோடி டொலர் ஒதுக்க வாக்களித்தனர். தங்கள் வரிப்பணத்தை மக்களே தீர்மானித்தது சரிதான். வாக்கும் நாடும் இழந்து அகதியாக வெளியேறிய எனக்கு அது பொறாமையாகக்கூட இருந்தது.

வளைகுடாவில் இதற்கு வாக்கெடுப்பு இல்லை. ஆனால் மார்க்கம் இதைத் தடுக்கும் என்று நம்மவர்கள் நினைப்பது தவறு. 2003 டிசம்பரிலேயே மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை, சோதனைக்குழாய் சிகிச்சையில் எஞ்சிய கருக்களைப் பெற்றோரின் சம்மதத்துடன் பயன்படுத்தலாம் என்றது. வேண்டுமென்றே கலைத்த கருவிலிருந்து எடுப்பதை அது விலக்கியது.

சரி, பலன்? ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மெல்ட்டனின் இரு பிள்ளைகளுக்கும் முதலாம் வகை நீரிழிவு. அரசின் பணம் கிடைக்காத கல வரிசைகளை அவர் தனியார் பணத்தில் உருவாக்கினார். அவர் ஆய்வுகூடத்தில் தொடங்கிய வழியில் வந்த சிகிச்சையின் முடிவு 2025 இல் வெளியானது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடத்தின் பின் இன்சுலின் தேவைப்படவில்லை. பெரிய சாதனைதான். ஆனால் அவர்கள் எல்லோரும் வயது வந்தவர்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் எடுக்க வேண்டும். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு உள்ள இரண்டாம் வகைக்கு இது அல்ல.

ஆகவே ஊரில் காணியை விற்று, கிராஜுவிட்டியைக் கரைத்து முற்பணம் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, குறிப்பிட்ட இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே நிரூபணமான சிகிச்சை. மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். தலசீமியா உள்ள பிள்ளைக்கு எலும்பு மச்சை மாற்று என்று வைத்தியர் சொன்னால் பயப்பட வேண்டாம். அது வேறு விஷயம், தாராளமாகக் கேட்டு விசாரியுங்கள்.