பணம் கேட்குமுன் படத்தைக் காட்டு!

குறும்படம் எடுக்க மானியம் கிடைக்குமா? கிடைக்கும். அது கடன் அல்ல. திருப்பித் தர வேண்டாம். ஆனால், வெறுங்கையோடு போய்க் கேட்கக் கூடாது.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள்.

1962-ம் ஆண்டு. ரிட்லி ஸ்காட் அப்போது லண்டனில் கலைக் கல்லூரி மாணவர். கல்லூரிக் கேமராவை இரவல் வாங்கினார். 65 பவுண்டு செலவில் படம் பிடித்தார். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, சைக்கிளில் ஊர் சுற்றுகிறான் ஒரு பையன். அவ்வளவுதான் கதை! பையனாக நடித்தவர் யார்? அவருடைய சொந்தத் தம்பி டோனி!

படத்தை முடிக்க மேலும் பணம் வேண்டும். பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சோதனைப்பட நிதியிலிருந்து 250 பவுண்டு கிடைத்தது. 1965-ல் படம் முடிந்தது. "பையனும் சைக்கிளும்" என்பது அதன் பெயர். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் "ஏலியன்", "கிளாடியேட்டர்" படங்களை எடுத்தார்!

தம்பி, தங்கைகளே! விண்ணப்பத்தில் ஆசையை மட்டும் எழுதாதீர்கள். கதையை எழுதுங்கள். செலவுக் கணக்கைக் காட்டுங்கள். நாலு காட்சியாவது எடுத்து, அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

நிதி கொடுப்போருக்கும் ஒரு சொல். பெயர் பெற்றவர்களுக்கே அள்ளிக் கொடுக்காதீர்கள். பாதியில் நிற்கும் சின்னப் படங்களையும் பாருங்கள். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சிறு தொகைதான் வாசற்படி.