வலப்பக்கத்து இருதயம்

சென்ற திங்களில் ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வீடு சந்திக்கச் சென்றிருந்தோம். இரவுப் பணி முடித்து ஆலைப் பேருந்திலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார் மகன். உள்ளே கட்டிலில் சாய்ந்தபடி தாய். நான்கு மாதங்களுக்கு முன் அவ்வம்மையாரின் இருதயத்தில் இடப்பக்கத்து வால்வு ஒன்றை மாற்றியிருந்தனர். "ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சதுன்னுதான் சாமி டாக்டர் சொன்னாரு. அப்புறம் ஏன் கால் வீங்குது?" என்று மகன் கேட்டார். ஏமாற்றப்பட்டோமோ என்ற ஐயம் அக்குரலில் இருந்தது. நமக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர் நாம் அறிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், படித்தும் தெரிந்து கொண்டதை இங்கே எழுதுகின்றோம்.

நம் மார்புக்குள் இருப்பது ஓர் இருதயம் எனினும், அதில் இரண்டு இறைப்பான்கள் உள்ளன. ஒரே நீரை ஒன்றன்பின் ஒன்றாக இறைக்கும் இரண்டு ஏற்றங்களைப் போன்றவை அவை. வலப்பக்கம் உடலிலிருந்து திரும்பும் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகின்றது. இடப்பக்கம் அதனை உடலெங்கும் செலுத்துகின்றது. ஓய்வில் இருக்கும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் என, இரண்டும் இறைப்பது ஒரே அளவுதான். ஆனால் இடப்பக்கத்தின் அழுத்தம் 120 என்றால், வலப்பக்கத்திற்கு 25 அளவே போதும். ஆகவே அதன் சுவர் மெல்லியது.

மெல்லியது என்பதாலோ என்னவோ, மருத்துவ உலகமும் அதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டார் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் நாய்களின் வலப்பக்கச் சுவரைச் சுட்டுச் சேதப்படுத்திப் பார்த்தனர். சிரைகளின் அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. வலப்பக்கம் வெறும் வழிப்பாதைதான் போலும் என்ற எண்ணம் இதனால் வேரூன்றியது. அந்நாய்களின் நுரையீரல்கள் நல்ல நிலையில் இருந்தன என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. நுரையீரலில் எதிர்ப்பு மிகுந்துவிட்டால் வழிப்பாதைக் கதை அங்கே செல்லாது.

நம் அம்மையாருக்கு நேர்ந்தது அதுவே. சிறுவயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, அதன்பின் மூட்டுகள் வீங்கினவாம். யாரும் பெரிதாக எண்ணவில்லை. அந்த வாதக்காய்ச்சல் ஈரிதழ் வால்வைத் தழும்பாக்கி, ஆண்டுகள் பல சென்றபின் சுருக்கிற்று. வழி அடைபட்ட இரத்தம் நுரையீரலில் தேங்கிற்று; அங்கே அழுத்தம் ஏறிற்று. அந்த அழுத்தத்தை எதிர்த்து வலப்பக்கம் ஆண்டுக்கணக்கில் மல்லாடித் தடித்தது. பின்னர் தளர்ந்து விரிந்தது. அது விரிந்ததால் மூவிதழ் வால்வு சரியாக மூடாமல் கசிய, இரத்தம் கல்லீரலுக்கும் கால்களுக்கும் பின்வாங்கிற்று.

புதிய வால்வு இடப்பக்கத்து அடைப்பைத்தான் நீக்குகின்றது. நுரையீரல் அழுத்தம் அன்றே குறையத் தொடங்கி, மாதக்கணக்கில் மேலும் இறங்கலாம். எல்லோருக்கும் முழுமையாக இறங்குவதில்லை. அறுவையே வலப்பக்கத்திற்கு ஒரு சோதனைதான். இருதயத்தை நிறுத்தி வைக்கும் குளிர்ப் பாதுகாப்பு அதற்குச் சில வேளைகளில் போதுமானபடி கிட்டுவதில்லை. காற்றுக் குமிழி புகுந்தால், முன்புறம் இருக்கும் வலப்பக்கத் தமனியையே முதலில் நாடும். எனவேதான் முன்பே தளர்ந்த வலப்பக்கத்துடன் அறுவைக்குச் செல்வோர் தீவிரக் கண்காணிப்பில் கூடுதல் நாள்கள் கிடக்க நேர்கின்றது. சிறுநீரகம் கெடுவதும், உயிர் இழப்பதும் அவர்களிடையே மிகுதி. எக்கோ சோதனையில், துடிக்கும்போது மூவிதழ் வால்வின் வளையம் எவ்வளவு தூரம் நகர்கின்றது என்று அளக்கின்றனர். 17 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தளர்ச்சி என்பர். இரண்டு நெல்மணிகளின் நீளம்! உயிரின் கணக்கு அவ்வளவு நுண்ணியது.

நம் நாட்டில் வசதி இல்லாமல் இல்லை. 1975-இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில்தான் மருத்துவர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இருதய பைபாஸ் அறுவையைச் செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கிய உள்நாட்டு வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இருதய அறுவைக்கு இடமுண்டு. குறை, காலம் தாழ்த்தியதில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அறுவை வேண்டும் என்று அம்மையாரிடம் சொல்லியிருந்தனர். மகளின் திருமணம் முடியட்டும் என்று தள்ளினார்கள். "ஆம், முடியட்டும்" என்று தலையசைத்தவர்களில் நாமும் ஒருவர். அதனை மறைக்க விரும்பவில்லை.

இப்பகுதி ஆலைகளைச் சுற்றி ஒரே அறையில் அறுவர், எழுவர் தங்கும் குடியிருப்புகள் பெருகிவிட்டன. தொண்டைக் கிருமி பரவுவதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். பிள்ளைக்குத் தொண்டை வலியுடன் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தைச் சொன்ன நாள் வரை கொடுங்கள். வாதக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்திற்கொருமுறை பென்சிலின் ஊசி ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். வலிக்கின்றது என்று அழுகின்றானே எனப் பாட்டிமார் அதை நிறுத்திவிடக் கூடாது. அறுவைக்குச் செல்வோரின் வீட்டார், "வலப்பக்கம் எப்படி இருக்கின்றது, மூவிதழ் வால்வையும் சேர்த்துச் சீர்செய்வீர்களா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

அம்மையாரை மகன் மறுபடி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டி, உப்பைக் குறைக்கச் சொன்னார்களாம். நாள்தோறும் காலையில் எடை பார்த்து நாட்காட்டியில் குறித்து வைக்கின்றார் மருமகள். சென்ற ஞாயிறன்று நாம் பார்த்தபோது மூன்று கிலோ இறங்கியிருந்தது. கால் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. ஊறுகாய்ப் பாட்டிலை எங்கே ஒளித்து வைத்தாள் என்றுதான் மருமகள்மேல் அவருக்குக் கோபம்.