சப்போர்ட்டுன்னா அவ்வளவு இளக்காரமா?

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ரூம்ல 'இன்செப்ஷன்' ஓடிட்டிருந்தது. எத்தனாவது தடவைன்னு கேக்காதீங்க. அதுல சாகக் கிடக்குற பணக்கார அப்பா ஒருத்தர் வருவார் இல்லையா, மாரிஸ் ஃபிஷர்? அந்த சீன் வந்ததும் ரூம்மேட் வாய் நிறைய மிக்சரோட சொன்னான்: "செம நடிகன்டா இந்தாளு. பாவம், கடைசி வரைக்கும் துணை நடிகராவே போயிட்டாரு."

அந்த 'பாவம்'தான் இந்தப் பதிவுக்குக் காரணம். அவன்கிட்ட அப்பவே ஒரு மணி நேரம் கத்தினேன். பாதியிலேயே தூங்கிட்டான். மிச்சம் உங்களுக்கு. வேற வழியில்ல, படிங்க :-)

அவர் பேரு பீட் போசில்த்வெயிட். (தட்டச்சு பண்றதுக்குள்ள விரல் சுளுக்கிடுச்சு.) இங்கிலாந்துல வாரிங்டன்ங்கிற ஊர்ல 1946-ல பிறந்தவர். 2011 ஜனவரி 2-ம் தேதி புற்றுநோய்ல இறந்துட்டார், 64 வயசுல. ஆரம்ப காலத்துல, "இவ்வளவு நீளப் பேரை தியேட்டர் வாசல்ல பல்பு போட்டு எழுதினா கரண்ட் பில்லு கட்டுப்படியாகாது, பேரை மாத்திக்கோ"ன்னு சொன்னாங்களாம். மனுஷன் மாத்திக்கல. எனக்கு அவரைப் பிடிக்க ஆரம்பிச்சதே இந்த இடத்துலதான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இதுல என் சொந்தக் கடுப்பும் கலந்திருக்கு. நான் ஆபீஸ்ல சப்போர்ட் ப்ராஜெக்ட். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தா போன் எனக்குத்தான் வரும். டெமோ காட்டி கைதட்டு வாங்குறவங்க வேற டீம். இந்த வருஷ அப்ரைசல்ல, "நல்லாத்தான் பண்றீங்க, ஆனா நீங்க சப்போர்ட்தானே?"ன்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. அந்தத் 'தானே'வும் என் ரூம்மேட்டோட 'பாவம்'மும் ஒரே குடும்பம். அதனாலதான் சுருக்குன்னு பட்டுச்சு.

ஆஸ்கர்லயும் இதே வார்த்தைதான்: சப்போர்ட்டிங் ஆக்டர். 1936-ம் வருஷப் படங்களுக்குத்தான் அந்தப் பிரிவே ஆரம்பிச்சாங்க. முதல் சில வருஷம் ஜெயிச்சவங்களுக்கு அந்தத் தங்கச் சிலை கூடக் கிடையாது, வெறும் பலகை மாதிரி ஒரு கேடயம். 1944 விழாவுலதான் 'சரி, இவங்களும் நடிகர்கள்தான்'னு மனசு வந்து சிலை குடுத்தாங்க.

யாரு மெயின், யாரு சப்போர்ட்டுன்னு பிரிக்க ஏதாவது நிமிஷக் கணக்கு இருக்கான்னு பார்த்தா அதுவும் இல்ல. 'சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படத்துல ஆண்டனி ஹாப்கின்ஸ் வர்றது மொத்தமே அரை மணி நேரத்துக்குக் கம்மி. அவருக்குக் கிடைச்சது சிறந்த நடிகர் விருது! அப்போ இந்தக் கோட்டை எதை வச்சுப் போடுறாங்க?

இப்ப 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்' (1993) படத்துக்கு வாங்க. 1974 கில்ஃபோர்ட் குண்டுவெடிப்பு வழக்குல செய்யாத குத்தத்துக்கு மாட்டின ஜெரி கான்லனா டேனியல் டே-லூயிஸ். மகனுக்கு வக்கீல் பிடிக்க லண்டனுக்குக் கிளம்பி வந்து, தானே கைதாகி, 1980-ல கைதியாவே செத்துப்போன அப்பா ஜூஸெப்பியா பீட். நிஜத்துல அப்பனும் மகனும் ஒரே அறையில இருந்ததில்ல, படத்துக்காக அப்படி வச்சாங்க. ஏன் வச்சாங்க? அந்த ரெண்டு பேர்தான் படமே.

மகன் குதிப்பான், திட்டுவான், அழுவான். அப்பா ஜெபமாலையும் கடிதமுமா உக்காந்திருப்பார். அந்த நிதானம் இல்லன்னா இவன் குதிக்கிறது வெறும் கூச்சல். இன்னொரு கூத்து: ரெண்டு பேருக்கும் நிஜ வயசு வித்தியாசம் 11 வருஷம்தான். அப்பன்னு ஒரு நிமிஷம் கூட சந்தேகம் வராது. அந்த வருஷம் டே-லூயிஸ் பேர் சிறந்த நடிகர் பட்டியல்ல, பீட் பேர் சப்போர்ட்டிங் பட்டியல்ல. ரெண்டு பேருமே ஜெயிக்கல, அது வேற கதை. பீட் போட்டியிட்ட பிரிவுல விருதைத் தட்டிட்டுப் போனது 'த ஃப்யூஜிட்டிவ்' டாமி லீ ஜோன்ஸ்.

இதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1988-ல, டெரன்ஸ் டேவிஸோட 'டிஸ்டன்ட் வாய்ஸஸ், ஸ்டில் லைவ்ஸ்'. அதுலயும் அப்பா வேஷம்தான். ஆனா அந்த அப்பா வீட்டையே அடிச்சு நொறுக்குற மிருகம். ரெண்டு படத்தையும் அடுத்தடுத்த நாள் பாருங்க. அதே கன்ன எலும்பு, அதே மூக்கு. ஒருத்தரைப் பார்த்தா உடம்பு நடுங்கும், இன்னொருத்தரைப் பார்த்தா நம்ம அப்பாவுக்குப் போன் பண்ணத் தோணும். எந்த ஹீரோவுக்குங்க இது வாய்க்கும்? ஹீரோ மாறினா ரசிகனுக்கே கோவம் வந்துடுமே!

'யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்'ல (1995) கோபயாஷின்னு ஜப்பான் பேரு, பேச்சு எந்த நாட்டுதுன்னே பிடிபடாது. 'லாஸ்ட் வேர்ல்ட்'ல (1997) டைனோசரைச் சுட வந்த வேட்டைக்காரர். பல்லியெல்லாம் போலி, பயம் மட்டும் அவர் முகத்துல நிஜம். அவரை உலகத்துலயே சிறந்த நடிகர்னு ஸ்பீல்பெர்க் சொன்னதா எல்லா இடத்துலயும் எழுதுறாங்க. பீட் அதையே கிண்டலடிச்சார்: 'தான்தான் பெரிய நடிகன்னு இந்தாளுக்கு நெனப்பு'ன்னுதான் ஸ்பீல்பெர்க் சொல்லியிருப்பார்னு. இவருக்கா 'பாவம்'?

சரி, மேடைக்கு வருவோம். என் ரூம்மேட்டுக்குத் தெரியாத பாதி இதுதான். 1970-கள்ல லிவர்பூல் எவ்ரிமேன் தியேட்டர். பில் நை, ஜூலி வால்டர்ஸ், ஜோனதன் ப்ரைஸ், ஆண்டனி ஷெர்னு அந்தக் குழு ஒரு பெரிய பட்டாளம். எல்லாரும் அப்ப பேர் தெரியாத பசங்க. வேன்ல கிளம்பிப்போய் சாராயக் கடையில கூட நாடகம் போட்டாங்க. கையில கிளாஸோட நிக்கிற ஆளை நாடகம் பார்க்க வைக்கிறது சாதாரணமா? அப்புறம் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி. அப்புறம் 'ஸ்காரமூஷ் ஜோன்ஸ்'. நூறு வயசு கோமாளி தன் கதையைச் சொல்ற நாடகம், ஊர் ஊரா போச்சு. மேடையில மொத்தமே ஒரே ஆள்தான். அங்க அவர் யாருக்குத் துணை நடிகர்? நாற்காலிக்கா?

2008-ல அதே எவ்ரிமேன்ல கிங் லியரா நின்னார், 62 வயசுல. ஷேக்ஸ்பியர் எழுதினதுலயே தாங்க முடியாத பாரம் அந்த வேஷம். லண்டன்ல பெரிய மேடையில ஆரம்பிச்சிருக்கலாம். தான் வேலை கத்துக்கிட்ட இடத்துக்குத்தான் முதல்ல வந்தார். அடுத்த வருஷம்தான் லண்டன் யங் விக்.

"அதெல்லாம் சரி மச்சி, ஹீரோவுக்குக் கிடைக்கிற காசு கிடைச்சுதா? போஸ்டர்ல முகம் வந்துதா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. என் சம்பளச் சீட்டைப் பார்த்தவன், எனக்கும் அது உறுத்தும். ஆனா அது போஸ்டர் ஒட்டுறவனோட குறை, நடிச்சவரோட குறை இல்ல. நாமளும் 'பாவம்'னு சொல்லும்போது என்ன பண்றோம்? ஹீரோவா ஆனவன்தான் ஜெயிச்சவன்ங்கிற அளவுகோலை நம்ம கையிலயும் எடுத்துக்கிறோம். அதே அளவுகோலாலதான் அப்ரைசல்ல நம்மளையும் அளக்குறான். அப்புறம் நாம அழுது என்ன பிரயோஜனம்?

தமிழ்ல 'குணச்சித்திர நடிகர்'னு அருமையான வார்த்தை வச்சிருக்கோம். ஒரு குணத்தைச் சித்திரமா வரையறவன். இங்கிலீஷ்ல கூட இவ்வளவு அழகு இல்ல. இவரைப் போய் 'துணை'ன்னு சொல்லாதீங்கப்பா.

சந்தேகம் இருக்கறவங்க 'ப்ராஸ்ட் ஆஃப்' (1996) பாருங்க. யார்க்‌ஷயர்ல சுரங்கத்தை மூடப் போறாங்க, சுரங்கத் தொழிலாளிகளோட பேண்டு வாத்தியக் குழுவை நடத்துற டேனியா பீட், நெஞ்சு முழுக்க நிலக்கரித் தூசி. கடைசியில லண்டன் ஆல்பர்ட் ஹால்ல கோப்பையை ஜெயிச்சதும், அது வேணாம்னு சொல்லி ஒரு பேச்சு பேசுவார். இசைதான் பெருசுன்னு இருந்தேன், இல்ல, மனுஷங்கதான் பெருசுன்னு. பார்த்துட்டு வந்து 'பாவம்'னு சொல்லுங்க, பார்ப்போம்.

ரூம்மேட்டுக்கு இந்த ஞாயித்துக்கிழமை அதைத்தான் போட்டுக் காட்டப் போறேன். மிக்சர் கிடையாது.

கொசுறு: சம்பாவாம்பா குழுவோட 'டப்தம்ப்பிங்' பாட்டு (1997) ஞாபகம் இருக்கா? அதோட ஆல்பம் வடிவத்துல ஆரம்பத்துல கேக்குற குரல், அந்த ஆல்பர்ட் ஹால் பேச்சுலேர்ந்து எடுத்ததுதான். ஊரே ஆடின பாட்டு, முதல் குரல் நம்மாளோடது.

உங்களுக்குப் பிடிச்ச குணச்சித்திர நடிகர் யாரு? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. 'பாவம்'னு எழுதினா மட்டும் வெளியிட மாட்டேன்.