பூட்டிய அறையும் அரிய சுவடியும்

தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலின் பூட்டிய அறையில் கிடந்தன. திறந்தபோது கறையான் புற்று அவற்றை மூடியிருந்தது என்கிறது திருமுறைகண்ட புராணம். பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றி அறை திறவாது என்பது விதிக்கப்பட்ட நிபந்தனை. மன்னன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அதனை நிறைவேற்றினான். இதனை வரலாறாகக் கொள்வதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், பல்கலைக்கழக நூலகங்களின் அரிய நூற்பிரிவு குறித்துச் சிந்திப்போர்க்குச் சிதம்பரம் தரும் முதற்சான்று இதுவே.

காப்பாளரின் அச்சம் காரணமற்றதன்று. எச்சில் தொட்டு ஏடு புரட்டுதல், கயிற்றை இறுக்கித் துளையைக் கிழித்தல், எழுத்துத் தெளிவுக்காகத் தாமே மை தடவுதல் ஆகியன ஆய்வாளர் இழைக்கும் பிழைகளே. குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும், உலர்ந்த தூய கை, ஏட்டின் அடியில் தாங்கும் அட்டை என்பவற்றைக் கட்டாயமாக்குதல் தகும். (துணிக் கையுறை பாதுகாப்பானது என்பது பரவலான எண்ணம், அது தொடுவுணர்வை மழுக்குவதால் நொறுங்கும் ஏட்டுக்கு ஊறே மிகுதி.)

ஆயின், மின்படி இருப்பதால் மூலத்தைக் காட்ட வேண்டியதில்லை என்னும் வாதம் ஏற்கத்தக்கதன்று. பாடத்தைப் படிக்க மின்படி போதும். ஏடுகள் இடம் மாறிக் கோக்கப்பட்டனவா, ஓரத் திருத்தம் பிறிதொரு கையினதா, படத்தில் புள்ளியெனத் தோன்றுவது பூச்சித் துளையா என்னும் வினாக்களுக்கு மூலமே விடை தரும். மேலும், கட்டு அவிழும்போதுதான் பூச்சியரிப்பும் காப்பாளர் கண்ணுக்குப் புலனாகிறது. எனவே, மூலத்தைக் கோருவோர் தேவையை எழுத்தில் தருவதுபோல, மறுப்போரும் காரணத்தை எழுத்தில் தருதல் விதியாதல் வேண்டும்.